கொழும்பு உறங்காதிருந்த இரவுகள்

அகாலத்தில் தொலைபேசி ஒலித்தால் யாரோ இறந்துவிட்டார் என்று எண்ணிக்கொள்வது பத்திரிகையாளர்களின் தொழில்நோய்களில் ஒன்று. 2021 செப்டெம்பர் 6 ஆம் திகதி திங்கட்கிழமை காலையில் ரொறன்ரோவிலிருந்து எனது பழைய நண்பர் அழைத்தபோதும் அவ்வாறே எண்ணினேன். எண்ணம் பிழைக்கவில்லை.

"மச்சான், சுனில் போயிட்டானாம் எண்டு இங்க சொல்லுறாங்கள். உண்மையோ?"

செய்திகளை உறுதிப்படுத்துவதிலேயே ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்தவன் என்பதால் இத்தகைய கேள்விகள் என்னிடம் வருவது வழக்கம். சில நிமிடங்களில் உறுதியாயிற்று. ஜிப்சீஸ் இசைக்குழுவின் சுனில் பெரேரா கொவிட் நோயின் பின்விளைவுகளால் காலமாகியிருந்தார். வயது 68. நாடு முழுவதும் தனிமைப்படுத்தல் ஊரடங்கு அமுலில் இருந்த நாட்கள் அவை. ஐம்பது வருடங்களாக இலங்கையின் கல்யாண வீடுகளையும் கார்னிவெல்களையும் ஆடவைத்த ஒரு மனிதர், வீதியில் ஒரு காக்கைகூட இல்லாத ஊரிலிருந்து விடைபெற்றுச் சென்றார்.

ரொறன்ரோ நண்பரும் நானும் அன்று நெடுநேரம் பேசினோம். அவர் ஒரு காலத்தில் கொழும்பின் ஹோட்டல்களில் பேஸ் கிற்றார் வாசித்தவர். பேச்சின் முடிவில், "நீ எப்பவும் செத்த ஆக்களைப் பற்றித்தான் எழுதுறாய். எங்கட அந்த இரவுகளைப் பற்றியும் ஒருக்கால் எழுதன்" என்றார். எழுதுவதாகச் சொன்னேன். சொல்லி வருடங்கள் கடந்துவிட்டன. வாக்கை இன்றுதான் நிறைவேற்றுகிறேன்.

1969 இல் நான் யாழ்ப்பாணத்திலிருந்து இரவு மெயில் ரயிலில் கோட்டை நிலையத்துக்கு வந்து இறங்கினேன். இரவு வாழ்க்கை என்பது எனக்கு முற்றிலும் புதிதல்ல. எங்களூர்க் கோவில் திருவிழாக்களில் விடியவிடிய மேளக்கச்சேரி நடக்கும். தவில் மேதை தட்சணாமூர்த்தியின் தனியாவர்த்தனத்தைக் கேட்பதற்காக மைல் கணக்கில் சைக்கிள் மிதித்து, மணலில் குந்தியிருந்து, பனியில் நனைந்து, வெள்ளாப்பில் வீடு திரும்பியவர்கள் நாங்கள். பின்னாளில் கொழும்பு ஹோட்டல் ஒன்றில் முதன்முதலாக ஒரு டிரம்ஸ் கலைஞன் மற்ற வாத்தியங்கள் அனைத்தும் ஓய்ந்திருக்கத் தனியே வாசித்ததைக் கேட்டபோது எனக்கு மேனாட்டு இசை எதுவும் நினைவுக்கு வரவில்லை. தட்சணாமூர்த்தியே நினைவுக்கு வந்தார். ரொக் இசைக்குள் நான் நுழைந்த வாசல் அதுதான்.

தமிழ்ப் பத்திரிகை ஒன்றின் ஆசிரிய பீடத்தில் இரவுக் கடமை கிடைத்தது. அது ஈய எழுத்துக்களின் காலம். அச்சுக்கோப்பாளர்களின் கைகள் கறுத்திருக்கும். ஒப்புநோக்காளர்கள் மங்கிய விளக்கொளியில் கண்களைக் கெடுத்துக்கொள்வார்கள். கடைசிப் பக்கம் அச்சுக்குப் போகும்போது நள்ளிரவு கடந்து ஒரு மணியாகிவிடும். அதன்பின் வெள்ளவத்தைக்கு பஸ் கிடையாது. மோரிஸ் மைனர் டாக்சிக்குக் கொடுக்க எங்களிடம் காசு கிடையாது. முதல் பஸ் வரும்வரை காரியாலய மேசையில் உறங்கலாம், அல்லது நடக்கலாம். இருபது வயதில் எவன் மேசையில் உறங்குவான்?

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கையொன்றில் ஒரு யாழ்ப்பாணத்து அம்மாவின் வீட்டில் அறையெடுத்திருந்தேன். ஒழுங்கையின் முடிவில் ரயில் தண்டவாளம். அதற்கப்பால் கடல். எனது அடுத்த அறைக்காரர்தான் மேற்சொன்ன நண்பர். பகலில் அரசாங்கத் திணைக்களம் ஒன்றில் எழுதுவினைஞர். இரவில் பேஸ் கிற்றார். ஒலிபெருக்கியில் இணைக்காத பேஸ் கிற்றாருக்கு ஓசை மிகக் குறைவு. அவர் அறைக்குள் இருந்து மணிக்கணக்கில் பயிற்சி செய்வதைப் பார்த்த வீட்டுக்கார அம்மா ஒருநாள் மிகுந்த அனுதாபத்துடன், "ஏன் தம்பி, உது சத்தம் போடுதில்லை, பழுதோ?" என்று கேட்டார். பேஸ் கிற்றார் வாசிப்பவர்களைப் பற்றி நான் கேட்ட விமர்சனங்களுள் இதைவிடச் சிறந்ததொன்று இன்றுவரை இல்லை.

அவருடைய குழுவில் ஐவர் இருந்தனர். டிரம்ஸ் வாசித்தவர் மொரட்டுவையைச் சேர்ந்த சிங்களவர். முதன்மைக் கிற்றார் ஒரு பறங்கியர். பாடகர் மலாய் இளைஞர். விசைப்பலகைக்கு இன்னொரு பறங்கியர். பேஸ் எங்கள் யாழ்ப்பாணத்தார். ஒத்திகையில் ஆங்கிலமும் சிங்களமும் கலந்து பேசுவார்கள். சண்டையும் அந்த மொழிகளிலேயே நடக்கும். ஆனால் ஒருவரை ஒருவர் அழைப்பது ஒரே சொல்லால்தான்: மச்சான். இலங்கையில் எல்லா இனத்தவரும் கூச்சமின்றிப் பங்கிட்டுக்கொண்ட சொற்கள் சொற்பம். அவற்றில் இது ஒன்று.

இந்தக் குழுவின் தயவில்தான் ஹோட்டல்களின் பின்வாசல்கள் எனக்குத் திறந்தன. முன்வாசலால் போகக் கழுத்துப்பட்டியும் காசும் வேண்டும். 1864 இல் கட்டப்பட்ட காலிமுக ஹோட்டலில் 'கோகனட் குரோவ்' என்ற இரவு விடுதி இருந்தது. மின்யோன் பெர்னாண்டோவின் தலைமையில் ஜெற்லைனர்ஸ் குழுவினர் அங்கு வாசித்துப் பெயர் பெற்றவர்கள். ஒரு பெண் தலைமைதாங்கி நடத்திய இசைக்குழு அறுபதுகளின் இலங்கையில் முதலிடத்தில் இருந்தது என்பதை இன்றைய தலைமுறையினர் நம்புவதில்லை. கல்கிசை ஹோட்டலில் 'லிற்றில் ஹற்'. கோட்டையில் செலிங்கோ கட்டடத்தின் உச்சியில் 'ஆகாச கடே'. பெயருக்கேற்ப ஆகாயத்தில் இருந்த கடைதான். அங்கிருந்து பார்த்தால் துறைமுகத்துக் கப்பல்களின் விளக்குகள் தெரியும். அந்த உயரத்தில் முட்டை அப்பம் சாப்பிட்டதை நினைக்கும்போது இப்போதும் வாய் ஊறுகிறது.

அக்காலத்தில் மூன்று நீரோட்டங்கள் கொழும்பின் இரவில் ஒன்றுசேர்ந்தன. முதலாவது மேனாட்டு இசையை அப்படியே வாசித்த குழுக்கள். இரண்டாவது சிங்களப் பொப்பிசை. 1966 இல் கிளரன்ஸ் விஜேவர்தனவும் அனஸ்லி மாலேவனவும் மூன்ஸ்டோன்ஸ் குழுவைத் தொடங்கினார்கள். இந்திப் படப்பாடல்களின் மெட்டுக்களில் வளர்ந்திருந்த சிங்கள இளைஞர்களுக்கு மின்கிற்றாருடன் தங்கள் சொந்த மொழியில் பாட்டு கிடைத்தது. ஜெரால்ட் விக்கிரமசூரியவின் 'சூரிய' நிறுவனம் அவற்றை இசைத்தட்டுக்களாக வெளியிட்டது. மூன்றாவது பைலா. போர்த்துக்கேயரும் அவர்களுடன் வந்த ஆபிரிக்கர்களும் விட்டுச்சென்ற தாளம். வொலி பஸ்தியான் என்ற பொலிஸ்காரர் அதைச் சிங்களத்தில் பாடிப் பிரபலப்படுத்தினார். மட்டக்களப்புப் பறங்கியர் இன்றும் தங்கள் கல்யாணங்களில் அந்தப் பழைய கபிரிஞ்ஞாவை ஆடுகிறார்கள். சுனில் பெரேராவின் தந்தை அன்ரன் பெரேரா தமது பிள்ளைகளைக் கொண்டு மொரட்டுவையில் ஆரம்பித்த ஜிப்சீஸ் இந்த மூன்றையும் ஒரு பாத்திரத்தில் இட்டுக் கலக்கியது. பின்னாளில் சுனில் அதில் அரசியல் எள்ளலையும் சேர்த்தார். எந்த அரசாங்கத்துக்கும் அவரைப் பிடிக்கவில்லை என்பதே அவருக்குக் கிடைத்த சிறந்த விருது.

தமிழர்களும் சும்மா இருக்கவில்லை. நித்தி கனகரத்தினம் கிற்றாரும் கையுமாக யாழ்ப்பாணத்துப் பேச்சுத் தமிழிலேயே பாடினார். அவருடைய 'சின்ன மாமியே' பாடலை முணுமுணுக்காத வாலிபர் எழுபதுகளில் இல்லை. பின்னர் ஏ. ஈ. மனோகரன் வந்தார். பைலாத் தாளத்தில் தமிழும் சிங்களமும் கலந்து பாடினார். 'சுராங்கனி' கடல் கடந்து தமிழ்நாட்டுக்கும் போனது. இலங்கை வானொலி இவர்களுடைய பாடல்களைப் பொப்பிசை என்று பெயரிட்டு ஒலிபரப்பியது. பாமரர்கள் மகிழ்ந்தார்கள். பண்டிதர்கள் கொதித்தார்கள். தமிழ்ப் பண்பாடு கள்ளுக்கொட்டிலுக்குப் போய்விட்டது என்று பத்திரிகைக்குக் கடிதங்கள் குவிந்தன.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். அந்தக் கடிதங்களுக்குச் சாதகமாக ஓர் ஏளனக் குறிப்பை நானும் எழுதினேன். இரவில் ஹோட்டல் பின்வாசலில் நின்று ஆங்கில ரொக் இசைக்குத் தலையாட்டிவிட்டு, பகலில் எமது மொழியில் கிற்றார் பிடித்துப் பாடிய இளைஞர்களைக் கேலி செய்தேன். ஆங்கிலத்தில் ஒருவன் குடியைப் பாடினால் கலை. தமிழில் பாடினால் சீரழிவு. இந்த இரட்டை நியாயம் அப்போது எனக்கு உறைக்கவில்லை. குறிப்பு வெளியான அன்றிரவு நண்பர் அதை வாசித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் தேநீர் குடிக்கும்போது, "மச்சான், உனக்கு இங்கிலீசு விளங்காததால்தான் அந்தப் பாட்டுகள் நல்லாயிருக்குது" என்று மாத்திரம் சொன்னார். 2018 ஜனவரியில் மனோகரன் சென்னையில் காலமானபோது அஞ்சலிக் கட்டுரை எழுதினேன். நாற்பது வருடத் தாமதத்துடன் எழுதப்பட்ட திருத்தம் அது.

எனக்குப் பிடித்த குழுக்கள் எவை என்று கேட்டால் பட்டியல் நீளமானதல்ல. பீற்றில்ஸ் எல்லோருக்கும் பிடிக்கும். அதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. என் மனதுக்கு நெருக்கமாக இருந்தது கிறீடன்ஸ் கிளியர்வோட்டர் றிவைவல். ஜோன் ஃபோகர்ட்டி, அவரது சகோதரர் ரொம், இன்னும் இருவர். கலிபோர்னியாவைச் சேர்ந்தவர்கள். ஆனால் அவர்கள் பாடியதெல்லாம் எங்கோ தெற்கே இருந்த லூசியானாவின் சதுப்புநிலங்களையும் மிசிசிப்பி ஆற்றையும் பற்றி. தாங்கள் பிறந்து வளராத ஊரை ஏங்கிப் பாடியவர்கள். அவர்களின் பாடல்களை வெள்ளவத்தைத் தமிழனும் மொரட்டுவைச் சிங்களவனும் சேர்ந்து பாடியதில் வியப்பென்ன? 1972 இல் அந்தக் குழு கலைந்துவிட்டது. கொழும்பு ஹோட்டல்களில் அது இன்றும் கலையவில்லை. இப்போதும் எந்த மேடையிலாவது ஓர் ஐம்பது வயதுக்காரர் அவர்களைப் பாடிக்கொண்டுதான் இருப்பார்.

அடுத்தது டீப் பேர்ப்பிள். 1972 இல் வெளிவந்த 'ஸ்மோக் ஒன் த வோட்டர்' பாடலின் ஆரம்பக் கிற்றார் ஒலியை உலகில் கிற்றார் பழகிய அனைவரும் வாசித்திருப்பார்கள். எனக்கு அது பிடித்ததற்கு வேறு காரணம் உண்டு. அந்தப் பாடல் ஒரு செய்தியறிக்கை. 1971 டிசெம்பரில் சுவிற்சர்லாந்தின் மொன்றோ நகரிலுள்ள கசினோவில் ஃபிராங்க் ஸப்பாவின் கச்சேரி நடந்துகொண்டிருந்தபோது யாரோ ஒருவர் சமிக்ஞைத் துப்பாக்கியால் கூரையை நோக்கிச் சுட்டார். கட்டடம் முழுவதும் எரிந்தது. அங்கே இசைப்பதிவு செய்ய வந்திருந்த டீப் பேர்ப்பிள் குழுவினர், ஜெனீவா ஏரியின்மேல் புகை பரவியதைத் தங்கள் கண்ணால் கண்டார்கள். எங்கே, யார், எப்படி என்று ஒரு நிருபர் தரவேண்டிய விடயங்கள் அந்தப் பாடலில் உள்ளன. புதிதாகச் சேர்ந்த நிருபர்களுக்கு நான் அதை உதாரணமாகச் சொல்வதுண்டு. அவர்கள் என்னை விநோதமாகப் பார்ப்பார்கள்.

மூன்றாவது பிங்க் ஃபுளோயிட். 1973 இல் வந்த அவர்களின் 'சந்திரனின் இருண்ட பக்கம்' இசைத்தட்டைக் கடலோடி ஒருவரிடமிருந்து வாங்கினோம். எனது அரைமாதச் சம்பளம் போயிற்று. வீட்டுக்கார அம்மா அதில் வரும் மணிக்கூட்டுச் சத்தங்களைக் கேட்டுவிட்டு விடிந்துவிட்டதென்று அடுப்பு மூட்டப் போனார்.

சம்பளத்தில் பாதியைக் கொடுக்க வேண்டியிருந்ததற்குக் காரணம் உண்டு. 1970 க்கும் 1977 க்கும் இடைப்பட்ட அந்த ஆண்டுகளில் அந்நியச் செலாவணிக்குக் கடும் தட்டுப்பாடு. பாணுக்கே வரிசையில் நின்ற காலத்தில் கிற்றார் நரம்புகளை யார் இறக்குமதி செய்வார்கள்? பேஸ் கிற்றாரின் தடித்த நரம்புகள் வியர்வையும் அழுக்கும் ஏறி ஓசை மழுங்கிவிடும். அவற்றைக் கழற்றிக் கொதிநீரில் அவித்து எடுத்தால் சில நாட்களுக்கு உயிர் வரும் என்பதை நண்பர் யாரிடமோ கேட்டறிந்திருந்தார். வீட்டுக்கார அம்மா சைவ ஆசாரம் உள்ளவர். அவருடைய சாம்பார்ச் சட்டிக்குள் நான்கு உலோக நரம்புகள் கொதித்துக்கொண்டிருந்ததை அவர் கண்ட காலையில் நாங்கள் இருவரும் வீட்டைவிட்டு வெளியேற்றப்படும் நிலைக்கு வந்தோம். புதுச் சட்டி வாங்கிக் கொடுத்த பின்னர்தான் சமாதானம் ஏற்பட்டது.

இதற்கிடையில் 1971 ஏப்ரலில் ஜே.வி.பி. கிளர்ச்சி. நாடெங்கும் ஊரடங்குச் சட்டம். கொழும்பின் இரவை நான் முதன்முதலாக மௌனமாகக் கண்டது அப்போதுதான். பத்திரிகையாளன் என்ற முறையில் என்னிடம் ஊரடங்கு அனுமதிச்சீட்டு இருந்தது. காலி வீதியில் ஒரு மனிதர் இல்லை. கிற்றார் கலைஞர்களுக்கு அனுமதிச்சீட்டு இல்லை. நண்பர் அறைக்குள் இருந்து ஓசையற்ற பேஸை வாசித்துக்கொண்டிருந்தார். அந்த மௌனம் சில மாதங்களில் நீங்கிவிட்டது. நீங்கியதால் அதை நாங்கள் ஒரு விபத்தாகவே எண்ணினோம். முன்னறிவித்தல் என்று எண்ணத் தோன்றவில்லை.

அந்நாட்களில் எமக்குக் கிடைத்த மிகப்பெரிய செல்வம் நடையே. குழுவினர் வாத்தியங்களைக் கட்டிவைத்துவிட்டு வருவார்கள். நான் அச்சகத்திலிருந்து வருவேன். மருதானையிலோ கொள்ளுப்பிட்டியிலோ திறந்திருக்கும் முஸ்லிம் கடையில் கொத்து ரொட்டி. தட்டையான இரும்புக் கல்லில் இரண்டு தகடுகள் எழுப்பும் தாளத்தை எங்கள் டிரம்ஸ்காரர் மேசையில் திருப்பி வாசிப்பார். கொத்துக்காரர் போட்டிக்கு வேகத்தைக் கூட்டுவார். பின்னர் காலிமுகத்திடலில் கடலைப் பார்த்து இருந்துவிட்டு, காலி வீதி வழியாக வெள்ளவத்தை வரை நடப்போம். வழியில் பொலிஸ்காரர் மறித்தால் நெருப்புப்பெட்டி கேட்பதற்காக இருக்கும். அடையாள அட்டை கேட்பதற்காக இருந்ததில்லை. அந்த நடையின் பெறுமதி அப்போது எங்களுக்குத் தெரியவில்லை.

1977 இல் ஆட்சி மாறியது. ஓகஸ்ட் மாதத்தில் தமிழருக்கு எதிரான வன்செயல்கள். அதற்குப் பின்னால் திறந்த பொருளாதாரம். கிற்றார் நரம்புகள் தாராளமாக வந்தன. கூடவே கசெற்றும் டிஸ்கோவும் வந்தன. ஐந்து பேருக்குச் சம்பளம் கொடுப்பதைவிட ஓர் இசைத்தட்டு இயக்குநருக்குக் கொடுப்பது இலாபம் என்று ஹோட்டல்கள் கண்டுகொண்டன. நண்பரின் குழுவுக்கு வாரத்தில் ஆறு இரவுகள் மூன்றாகக் குறைந்தன. ஆயினும் குழு கலையவில்லை.

1983 ஜூலை 24 ஞாயிற்றுக்கிழமை. முதல்நாள் இரவு திருநெல்வேலியில் 13 இராணுவத்தினர் கொல்லப்பட்டிருந்தனர். அவர்களின் இறுதிக்கிரியைக்காகப் பொரளை கனத்தை மயானத்தில் பெருங்கூட்டம் கூடியிருந்தது. நான் கடமையில் இருந்தேன். இரவு காரியாலயத்தின் மொட்டைமாடிக்கு ஏறிப் பார்த்தபோது பொரளைப் பக்கம் வானம் சிவந்திருந்தது. மறுநாள் நகரம் முழுவதும் எரிந்தது. எந்தப் பாடலை நான் நிருபர்களுக்கு உதாரணமாகச் சொல்லிவந்தேனோ அதற்குப் பிறகு நான் விருப்பத்துடன் செவிமடுத்ததில்லை.

நண்பர் அன்றிரவு ஹோட்டலில் இருந்தார். டிரம்ஸ்காரர் அவரை மொரட்டுவைக்குக் கூட்டிச்சென்று தமது வீட்டின் பின்னறையில் நான்கு நாட்கள் வைத்திருந்தார். வீட்டு வாசலில் கும்பல் வந்து விசாரித்தபோது டிரம்ஸ்காரரின் தாயார் கையில் செபமாலையுடன் கதவருகே நின்று, வீட்டில் நோயாளி இருப்பதாகச் சொன்னார். பின்னர் நண்பர் பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி முகாமுக்குப் போய், அங்கிருந்து கப்பலில் காங்கேசன்துறைக்குப் போய், இந்தியா வழியாகக் கனடாவுக்குப் போனார். கிற்றார் மொரட்டுவையிலேயே தங்கிவிட்டது.

ஒரு வாரத்தின் பின் வெள்ளவத்தை அறைக்கு நான் போனேன். கூரை இருக்கவில்லை. இசைத்தட்டுக்கள் தீயில் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக் கறுத்த மெழுகுபோல் கிடந்தன. உயிரை இழந்தவர்கள், உறவுகளை இழந்தவர்கள் இருக்கும்போது இசைத்தட்டுக்களைப் பற்றிப் பேசுவது வெட்கத்துக்குரியது. எனவே இவ்வளவு காலமும் நான் அதைப் பேசவில்லை. வீட்டுக்கார அம்மா பிழைத்துக்கொண்டார். யாழ்ப்பாணத்துக்குப் போனவர் மீண்டும் கொழும்புக்கு வரவேயில்லை.

அதற்குப் பிறகு கொழும்பில் இரவு என்ற ஒன்று இருந்தது. ஆனால் அது எங்களுடையதாக இருக்கவில்லை. சோதனைச்சாவடிகள். அடையாள அட்டை. பெயரை வாசித்தவுடன் மாறும் முகங்கள். 1996 ஜனவரி 31 இல் மத்திய வங்கியின் மீதான குண்டுத்தாக்குதலில் 91 பேர் இறந்தனர். ஆகாச கடே இருந்த செலிங்கோ கட்டடமும் அதில் பெரும் சேதமுற்றது. 2005 ஏப்ரல் 28 ஆம் திகதி இரவு, பத்திரிகையாளர் தர்மரத்தினம் சிவராம் பம்பலப்பிட்டியில் நண்பர்களுடன் இருந்துவிட்டு வெளியே வந்தபோது கடத்திச் செல்லப்பட்டார். பொலிஸ் நிலையம் எதிரிலேயே இருந்தது. மறுநாள் அவரது உடல் பாராளுமன்றத்துக்கு அருகில் கிடந்தது. நாங்கள் ஒரு காலத்தில் பாடிக்கொண்டு நடந்த அதே வீதி. அன்றிலிருந்து இருட்டிய பிறகு நண்பர்களைச் சந்திப்பதை நான் நிறுத்திக்கொண்டேன். என்னைப் போல் பலரும் நிறுத்திக்கொண்டார்கள்.

போர் முடிந்து சில வருடங்களின் பின், முப்பது வருடங்கள் கழித்து, நண்பர் ரொறன்ரோவிலிருந்து வந்தார். இருவருமாக மொரட்டுவைக்குப் போனோம். டிரம்ஸ்காரருக்கு ஒரு காது கேட்காது. தாயார் எப்போதோ காலமாகிவிட்டார். தேநீர் வந்தது. கேக் வந்தது. கிற்றாரைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. கடைசியில் டிரம்ஸ்காரரே சொன்னார். 88, 89 ஆம் ஆண்டுகளில் தெற்கிலும் இரத்தம் ஓடியபோது ஹோட்டல்களில் வேலை இல்லை. பிள்ளைகளுக்குச் சாப்பாடு இல்லை. கிற்றாரை விற்றுவிட்டேன் என்றார். சொல்லும்போது நண்பரின் முகத்தைப் பார்க்கவில்லை. இரண்டு வருடங்கள் கட்டிலுக்குக் கீழே துணி சுற்றி வைத்திருந்து, அதன் பின்னர்தான் விற்றதாகவும் சொன்னார்.

நண்பர் சற்று நேரம் மௌனமாக இருந்தார். பிறகு, எவ்வளவுக்கு விற்றாய் என்று கேட்டார். டிரம்ஸ்காரர் தொகையைச் சொன்னார். "ஏமாந்திட்டாய் மச்சான்" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு நண்பர் சிரிக்கத் தொடங்கினார். இருவரும் சிரித்தார்கள். நான் வெளியே போய் முற்றத்தில் நின்றேன்.

2022 ஏப்ரலில் காலிமுகத்திடலில் இளைஞர்கள் கூடாரமடித்திருந்தபோது ஓர் இரவு அங்கே போனேன். எரிபொருள் இல்லை, மின்சாரம் இல்லை, எரிவாயு இல்லை. ஆனால் பாட்டு இருந்தது. ஒரு பக்கம் பைலா, ஒரு பக்கம் ரொக், இன்னொரு பக்கம் யாரோ தமிழில் பாடினார்கள். அந்த இளைஞர்களுக்கு எமது துயரங்கள் முழுவதும் தெரிந்திருந்தன என்று சொல்லமாட்டேன். தெரிந்துகொள்ள விரும்பாதவர்களும் அங்கே இருந்தார்கள். ஆயினும் அடுத்த மாதம் 18 ஆம் திகதி அதே திடலில் முள்ளிவாய்க்கால் கஞ்சி பகிரப்பட்டது. அதுவும் நடந்தது என்பதைப் பதிவுசெய்வது எனது கடமை.

ஒரு குழு கிறீடன்ஸின் பாடலொன்றை வாசிக்கத் தொடங்கியது. கைத்தொலைபேசியில் நண்பரை அழைத்து, ஒன்றும் சொல்லாமல் மேடையை நோக்கிப் பிடித்தேன். பாட்டு முடிந்தபின் காதில் வைத்துக் கேட்டேன்.

"மச்சான், பெடியள் பரவாயில்லை. ஆனா பேஸ் கேட்கேல்லை" என்றார்.

அன்று ஓட்டோ எதுவும் கிடைக்கவில்லை. எழுபது கடந்த கால்களுடன் காலி வீதியில் பம்பலப்பிட்டி வரை நடந்தேன். நேரம் அதிகாலை இரண்டு மணி. வழியில் ஒரு பொலிஸ்காரர் மறித்தார். சட்டைப்பையில் அடையாள அட்டையைத் தேடினேன். அவர் கேட்டது, காலிமுகத்திடலில் பாட்டு முடிந்துவிட்டதா என்று. இல்லை, இன்னும் நடக்கிறது என்றேன்.